எழுபத்திரண்டு படி

மின்விசிறி நான்கிலிருந்து இரண்டுக்கு இறங்கினால்
கொளத்தூரில் அது குளிர்காலம்.
புயல் போய்ப் பத்து நாள்.
தெருவில் தேங்கியது வற்றி
ஸ்கூட்டர் சக்கரத்தில் சேறு பொடியாகும் நேரம்
ஐந்து பை வாங்கினேன்.

தென்னைநார்க் கட்டி ஒன்று, செங்கல் மாதிரி.
வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு
யாரிடமோ போனில் பேசப் போனேன்.
தைக்கு ஒரு மாதம் முன்பே பொங்கி
குளியலறை எங்கும் வழிந்திருந்தது.
செம்மண் மூட்டை நூற்றெண்பது.
மண்ணைக் காசு கொடுத்து வாங்குகிறோமே என்று
பர்ஸைத் திறக்கும்போது கொஞ்சம் கூச்சம்.
லிஃப்டில் ஏற்றக் கூடாது, சங்கத்தின் விதி.
மொட்டைமாடிக்கு எழுபத்திரண்டு படி.
தணிக்கை அலுவலகத்தில் இருபது வருடம்;
எண்ணாமல் எனக்கு ஏற வராது.

"ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள்,
இது கார்த்திகைக் கடைசி ஆயிற்றே" என்றேன்.
விதைக்கடை ஃபெலிக்ஸ் பில் புத்தகத்திலிருந்து நிமிரவில்லை.
"முள்ளங்கிக்குப் பழமொழி தெரியாது சார்."

விதையைப்போல் இரு மடங்கு ஆழம் என்றது பொட்டலம்.
அளவுகோல் வைத்துத் துளையிட்டேன்.
நாற்பது முள்ளங்கி.
அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு பிடி வெந்தயம்.
அழுகத் தொடங்கிய தக்காளி ஒன்றை
என்ன செய்வதென்று தெரியாமல்
அப்படியே புதைத்தேன்.

மூன்றாம் நாள் ஒன்றுமில்லை.
நான்காம் நாள்
கோயில் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமுமுன்
கைபேசி வெளிச்சத்தோடு ஏறினேன்.
வெந்தயம் மண்கட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றது,
சாந்துச் சட்டி சுமப்பவரைப் போல
கழுத்து அசையாமல்.

முள்ளங்கி இருபத்தாறு.
நெருக்கமாக வந்ததைக் கலைத்துவிட வேண்டுமாம்.
இரண்டு விரலால் ஒன்றைப் பிடித்தேன்.
விட்டுவிட்டேன்.
மறுநாளும் பிடித்தேன்,
விட்டேன்.

போகியன்று இலைமேலெல்லாம் டயர்க் கரி.
ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது
மூன்று-பி மெஹருன்னிசா மேலே வந்தார்.
அவர் படுக்கையறைக் கூரையில்
இலங்கை வடிவத்தில் ஈரம்.
"உங்க தோட்டம் என் தலையில ஒழுகுது."
செயலாளர் தனகோட்டி வந்தார், பிளம்பர் வந்தார்,
பைகளை இழுத்தார்கள்.
இரண்டாவது பை கிழிந்தது.
கொட்டிய மண்ணில் எட்டு முள்ளங்கிகள்
எலிவால் தடிமனில்
ஒன்றின் கழுத்தை ஒன்று சுற்றிக்கொண்டு.
கலைக்காமல் விட்டதை
இரக்கம் என்று நினைத்திருந்தேன்.

கசிவு சோலார் ஹீட்டர் குழாயில்.
யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.
மெஹருன்னிசா குனிந்து
கீரையை மட்டும் கிள்ளி மண் தட்டி
"முட்டையோட பொரிச்சா நல்லாருக்கும்" என்று
துப்பட்டாவில் அள்ளிக்கொண்டு இறங்கினார்.
மாலையில் ஒரு கிண்ணம் வந்தது, மூடியோடு.
காரம் தூக்கல்.

தை பாதியில் மிச்சத்தைப் பிடுங்கினேன்.
சமையலறைத் தராசில் நூற்றுப்பத்து கிராம்.
செலவு ஆயிரத்து முந்நூற்று நாற்பது.
கிலோ பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் என்று வந்ததும்
பேனாவை மூடிவைத்தேன்.
சாம்பாரில் ஏழு துண்டு. லேசாகக் கசந்தது.
இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.

இப்போது நான்காவது பையில்
தக்காளியைப் புதைத்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி
ஏதோ எழுந்திருக்கிறது.
இலையில் ஐந்து மடல், அடியில் பூனைமுடி.
தக்காளி இல்லை. நான் போட்டது இல்லை.
காக்கை போட்டதா, அணில் ஒளித்ததா,
நூற்றெண்பது ரூபாயில் சேர்ந்து வந்ததா,
ஃபெலிக்ஸிடம் படம் காட்டினேன், உதட்டைப் பிதுக்கினார்.
ரசீது இல்லாத வரவு.
எந்தப் பத்தியில் எழுத?

துணிக்கொடியிலிருந்து ஒரு சணல் கட்டிவிட்டிருக்கிறேன்,
ஏறுகிற வகையென்றால்
ஏறட்டும்.